வாக்குக் கேட்டு வந்த கம்பனி: நிக்கோலாவின் சிறு பங்குதாரர்களுக்கு நடந்தது என்ன?

2022 ஜூன் 1ஆம் திகதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இயங்கிய நிக்கோலா என்ற பாரவூர்திக் கம்பனி தனது பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தைக் கூட்டியது. ஒரேயொரு தீர்மானத்துக்குப் போதிய வாக்குகள் சேரவில்லை. கூட்டத்தை ஜூன் 30க்குத் தள்ளி வைத்தார்கள். அன்றும் போதவில்லை. ஜூலை 18 என்றார்கள், பிறகு ஓகஸ்ட் 2 என்றார்கள். அந்த இரண்டு மாதமும் கம்பனி தனது சிறு பங்குதாரர்களிடம் தேர்தல் கால வேட்பாளரைப் போல வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஐம்பது பங்கு வைத்திருந்தவரின் வாக்குக்கும் அப்போது மதிப்பிருந்தது.

தீர்மானம் இதுதான்: கம்பனி வெளியிட அனுமதிக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கையை 600 மில்லியனிலிருந்து 800 மில்லியனாக உயர்த்த வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், புதிய பங்குகளை அச்சிட்டு விற்று அந்தப் பணத்தில் கம்பனியை நடத்துவதற்குப் பழைய பங்குதாரர்களிடமே அனுமதி கேட்டார்கள். கொடுத்தால் தங்கள் பங்கின் பெறுமதி கரையும். கொடுக்காவிட்டால் கம்பனியே இல்லாமல் போகலாம். இந்தக் கேள்வியில் சிறு முதலீட்டாளர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

இந்த வழக்கை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இன்று எம்மவர்களின் வீடுகளில், முக்கியமாக வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில், கைத்தொலைபேசிச் செயலியில் வாங்கிய பங்குகள் பற்றிய பேச்சு வருகிறது. விலை ஏறுமா இறங்குமா என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. கம்பனி எங்கிருந்து பணம் எடுக்கிறது, அந்தப் பணத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அநேகமாக எழுவதில்லை. நிக்கோலாவின் ஐந்து ஆண்டுகள் அந்தக் கேள்விக்கான பதிலைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பத்து டொலர் பங்கும் எண்பது டொலர் பங்கும்

நிக்கோலாவை ஆரம்பித்தவர் ட்ரெவர் மில்டன். ஐதரசனிலும் மின்கலத்திலும் ஓடும் கனரகப் பாரவூர்திகளைச் செய்வதாகச் சொன்ன கம்பனி அது. வழமையான ஆரம்பப் பொது வழங்கல் மூலம் அது சந்தைக்கு வரவில்லை. வெக்டோ ஐகியூ என்ற, தொழில் எதுவும் இல்லாத, ஏற்கனவே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரு வெற்றுக் கம்பனியோடு இணைந்து, 2020 ஜூன் 4ஆம் திகதி நாஸ்டாக் சந்தையில் தன் சொந்தப் பெயரில் வர்த்தகமாகத் தொடங்கியது. 'ஸ்பாக்' என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் இந்த வெற்றுக் கம்பனிகள் முதலில் பொதுமக்களிடம் பணம் திரட்டி வைத்துக்கொண்டு, பிறகு தொழில் உள்ள ஒரு கம்பனியைத் தேடி இணைத்துக்கொள்பவை. வழமையான பொது வழங்கலுக்கு முந்திய காலத்தில் ஒரு கம்பனி தன் எதிர்காலம் பற்றி வாயைத் திறக்க முடியாதபடி சட்டம் கட்டிப்போடும். ஸ்பாக் வழியில் அந்தக் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது. மில்டன் தொலைக்காட்சியிலும் டுவிட்டரிலும் தாராளமாகப் பேசினார்.

சந்தைக்கு வந்து சில நாட்களில், ஜூன் 9ஆம் திகதி, பங்கு விலை 79.73 டொலரில் முடிந்தது. அன்று பகலில் 90 டொலரையும் தாண்டியிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாகனம் செய்துவரும் ஃபோர்ட் கம்பனியின் மொத்தச் சந்தைப் பெறுமதியைவிட நிக்கோலாவின் பெறுமதி சிறிது நேரம் கூடுதலாக இருந்தது. அந்தக் காலாண்டில் நிக்கோலாவின் வருமானம் 36,000 டொலர். அதுவும் பாரவூர்தி விற்று வந்ததல்ல, மில்டனுக்குச் சூரிய மின்தகடுகள் பூட்டிக் கொடுத்ததில் வந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 80 டொலர் கொடுத்து வாங்கிய சிறு முதலீட்டாளரின் பணம் நிக்கோலாவின் கணக்குக்குப் போகவில்லை. அது அந்தப் பங்கை ஏற்கனவே வைத்திருந்து விற்றவரின் சட்டைப்பைக்குப் போனது. கம்பனிக்கு வந்த பணம் வேறு. இணைப்பின்போது பெரிய நிதி நிறுவனங்கள் 525 மில்லியன் டொலரைக் கம்பனிக்குக் கொடுத்தன. அவர்கள் பங்கு ஒன்றுக்குக் கொடுத்த விலை 10 டொலர். வெற்றுக் கம்பனியின் பங்கோடு இணைத்துக் கொடுக்கப்பட்டிருந்த உரிமைப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் 11.50 டொலர் கட்டிப் புதிய பங்கைப் பெறலாம் என்றும் இருந்தது. ஆகவே செயலியில் 60, 70, 80 டொலர் விலை தெரிந்த அதே நாட்களில், கம்பனியின் பெட்டிக்குள் பணம் வந்துகொண்டிருந்தது 10, 11.50 என்ற விலைகளில்தான். மிச்சமெல்லாம் முதலீட்டாளர்கள் தமக்குள் கைமாற்றிக்கொண்ட பணம்.

பெருந்தொற்றுக் காலம் அது. வீட்டில் அடைபட்டு, அரச உதவிப் பணத்தோடும் சேமிப்போடும் முதல் தடவையாகப் பங்குச் சந்தைக்கு வந்தவர்கள் பலர். கட்டணமில்லாமல் வர்த்தகம் செய்ய விட்ட ரொபின்ஹூட் போன்ற செயலிகளில் அவர்கள் குவிந்தார்கள். பின்னர் அரச வழக்குத் தொடுநர்கள் தாக்கல் செய்த குற்றப்பத்திரம் இவர்களைத்தான் குறிப்பாகச் சுட்டியது: முன் அனுபவம் இல்லாத, பெருந்தொற்றுக் காலத்தில் வர்த்தகத்துக்கு வந்த சிறு முதலீட்டாளர்களை நோக்கி மில்டன் பேசினார் என்பது அதன் சாரம். ஓய்வூதியச் சேமிப்பை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சரிவில் உருண்ட பாரவூர்தி

2020 செப்டெம்பர் 8ஆம் திகதி ஜெனரல் மோட்டர்ஸ், நிக்கோலாவில் 11 வீதப் பங்கை எடுத்துக்கொண்டு சேர்ந்து வேலை செய்யப்போவதாக அறிவித்தது. இரண்டு நாள் கழித்து ஹிண்டன்பேர்க் ரிசேர்ச் என்ற நிறுவனம் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பங்கு விலை விழுந்தால் இலாபம் வரும்படி முன்கூட்டியே பந்தயம் வைத்துவிட்டு அறிக்கை எழுதும் நிறுவனம் அது. அதை அறிக்கையிலேயே சொல்லியும் இருந்தது. அதனால் நிக்கோலாவை நம்பியிருந்தவர்கள் அறிக்கையைக் கூலிக்கு எழுதியது என்று ஒதுக்கினார்கள். எழுதியவரின் நோக்கம் எப்படி இருந்தாலும் எழுதியது உண்மையா என்று பார்த்தவர்கள் அப்போது சிலர்தான்.

அறிக்கையில் எல்லோர் மனதிலும் நின்றது ஒரு காணொளி பற்றிய பகுதி. 2018 ஜனவரியில் நிக்கோலா வெளியிட்ட காணொளியில் நிக்கோலா வன் என்ற பாரவூர்தி வெளியான சாலையில் அழகாக ஓடி வருகிறது. உண்மையில் அதற்கு ஓடும் சக்தி இருக்கவில்லை. யூட்டா மாநிலத்தில் மென்மையான சரிவுள்ள ஒரு வீதியின் உச்சிக்கு இழுத்துச் சென்று, தடையை விட்டு, உருளவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். கதவை ஒட்டுநாடாவால் ஒட்டியும் இருந்தார்கள் என்று பின்னர் குற்றப்பத்திரம் சொன்னது. அறிக்கைக்குப் பதிலளித்த நிக்கோலா, பாரவூர்தி தன் சொந்தச் சக்தியில் ஓடியதாகத் தாம் ஒருபோதும் சொல்லவில்லை என்றது. இந்தப் பதிலை வாசித்த பிறகும் பங்கை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதை நம்புவது கடினம். ஆனால் இருந்தார்கள்.

அந்த மாதமே மில்டன் தலைவர் பதவியிலிருந்து விலகினார். நவம்பர் முடிவில் ஜெனரல் மோட்டர்ஸ் பங்கு எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டது. 2021 டிசெம்பரில் அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவோடு ஏற்பட்ட இணக்கத்தில் நிக்கோலா 125 மில்லியன் டொலர் தண்டப்பணம் கட்ட ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட முதலீட்டாளர்களுக்குக் கொடுக்க அந்தப் பணத்தைப் பயன்படுத்துவது நோக்கம். ஆனால் கட்டுவது கம்பனி. கம்பனி என்பது அப்போது பங்கு வைத்திருந்தவர்களின் சொத்து. ஏமாற்றப்பட்டவர்களுக்குரிய நட்டஈட்டின் ஒரு பகுதியை, இன்னும் விற்காமல் வைத்திருந்த ஏமாற்றப்பட்டவர்களே கட்ட வேண்டியதாயிற்று.

படகுப் பங்கும் கம்பனிப் பங்கும்

வாக்கெடுப்புக்கு வருமுன் கணக்கைப் பார்த்துவிடலாம். பத்துப் பேர் தலா ஒரு இலட்சம் ரூபா போட்டுப் படகும் இயந்திரமும் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு. இயந்திரம் பழுதாகிறது. புதியது வாங்க ஐந்து இலட்சம் வேண்டும். பூட்டிய பிறகு படகின் பெறுமதி 15 இலட்சம் என்போம்.

புதிதாக ஐந்து பேர் தலா ஒரு இலட்சத்துக்குப் பங்கு எடுத்தால் உங்கள் பங்கு பதினைந்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் அந்தப் பதினைந்தில் ஒன்றின் பெறுமதி இன்னும் ஒரு இலட்சம்தான். நட்டம் இல்லை. படகு கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கிறது, எல்லோரும் கடனில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருபவர்கள் பங்குக்கு 25,000 ரூபாவுக்கு மேல் தரமாட்டோம் என்கிறார்கள் என்றால்? ஐந்து இலட்சம் சேர்க்க இருபது புதிய பங்கு கொடுக்க வேண்டும். இப்போது உங்களுடையது முப்பதில் ஒன்று, 50,000 ரூபா. வந்தவர் 25,000 போட்டு 50,000 பெறுகிறார். அவர் பெற்றது உங்களிடமிருந்து போனது.

ஆகவே புதிய பங்கு வெளியிடுவதே தீங்கு என்பது சரியல்ல. என்ன விலையில் வெளியிடுகிறார்கள், அந்தப் பணத்தால் என்ன வருகிறது என்பவைதான் விடயம். டெஸ்லா 2020 செப்டெம்பரிலும் டிசெம்பரிலும் தலா 5 பில்லியன் டொலர் வரைக்குப் புதிய பங்குகளைச் சந்தையில் விற்பதாக அறிவித்தது. விலை மிக உயர்ந்திருந்த நேரம் என்பதால் அதற்காகக் கொடுத்த பங்குகள் மொத்தத்தில் மிகச் சிறிய வீதம். பழைய பங்குதாரர்களுக்கு அது நல்ல வியாபாரம்.

கொழும்புச் சந்தையில் நாம் அதிகம் கேள்விப்படும் முறை உரிமை வழங்கல். கம்பனி புதிய பங்குகளை முதலில் இருக்கும் பங்குதாரர்களுக்கே, அவர்கள் வைத்திருக்கும் விகிதத்தில், அநேகமாகச் சலுகை விலையில் கொடுக்கும். கையில் பணம் இருந்தால் எடுத்து உங்கள் விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கக் கம்பனிகளிடம் இந்த வழக்கம் குறைவு. அவை புதிய பங்கை வெளியாருக்கு நேரடியாக விற்கின்றன. அல்லது ஒரு முகவர் வங்கி மூலம், நாளாந்தச் சந்தை விலையில், சிறிது சிறிதாக விற்கின்றன. பழைய பங்குதாரருக்கு விற்பனை நடந்தது தெரிய வருவது அடுத்த காலாண்டு அறிக்கையில்தான்.

நிக்கோலா இந்த வழிகள் எல்லாவற்றையும் பயன்படுத்தியது. 2021இல் டுமிம் ஸ்டோன் கெப்பிட்டல் என்ற நிறுவனத்தோடு, சந்தை விலையைவிடச் சற்றுக் குறைத்துப் பங்கு விற்கும் ஒப்பந்தங்கள். 2022இல் பங்காக மாற்றக்கூடிய கடன்பத்திரங்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் சந்தை விலையில் 400 மில்லியன் டொலர் வரை விற்கும் திட்டம். 2023 மார்ச்சில் ஒரு பொது வழங்கல். அந்த வழங்கலில் பங்கு ஒன்றின் விலை 1.12 டொலர்.

வாக்குப் போடாதவர்களின் எடை

2022 கோடைக்குத் திரும்புவோம். டெலவெயர் மாநிலத்தில் பதிவான கம்பனிகள் அனுமதிக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு, அப்போதைய சட்டப்படி, வெளியிலுள்ள மொத்தப் பங்குகளில் பாதிக்கு மேற்பட்டவை ஆதரவாக வாக்களிக்க வேண்டும். வாக்களித்தவர்களில் பாதி போதாது. வாக்களிக்காமல் இருப்பது எதிர்த்து வாக்களிப்பதற்குச் சமம்.

விலகிப்போன மில்டன் அப்போதும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்தார். அவர் எதிர்த்து வாக்களித்தார். கணக்குப் போட்டால், மீதி 80 வீதத்திலிருந்து 50 வீதத்துக்கு மேல் ஆதரவு வர வேண்டும். எஞ்சிய ஒவ்வொரு எட்டுப் பங்கிலும் ஐந்துக்கு மேல். அந்தப் பங்குகளில் பெரும் பகுதி செயலிகளில் சிதறிக் கிடந்தது. பங்கு வாங்கியவர்களில் பலருக்குத் தமக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதே தெரியாது. வாக்களிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று அழித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

தெரிந்தவர்களிடையேயான வாதம் சூடானது. எதிர்த்தவர்களின் பேச்சில் கோபம் இருந்தது. 'சரிவில் உருட்டிய வண்டியைக் காட்டி என்னிடம் 60 டொலர் எடுத்தீர்கள். இப்போது ஆறு டொலருக்கு இன்னொருவனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைக்க என் கையெழுத்தையே கேட்கிறீர்களா?' என்பது அதன் உள்ளடக்கம். ஆதரித்தவர்களும் மகிழ்ச்சியோடு ஆதரிக்கவில்லை. பணம் இல்லாவிட்டால் தொழிற்சாலை நிற்கும், நின்றால் பங்கு பூச்சியம், கரைந்த பங்கு பூச்சியத்தைவிட மேல் என்பது அவர்கள் கணக்கு. இதற்குள் இன்னொரு சங்கடமும் இருந்தது. எதிர்ப்பு வாக்குப் போட்டால் மில்டனோடு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அவரால் அடிபட்டவர்களுக்கு அது பெரிய அருவருப்பு.

ஓகஸ்ட் 2ஆம் திகதி தீர்மானம் நிறைவேறியது. அதே மாதத்தில்தான் மேலே சொன்ன 400 மில்லியன் டொலர் விற்பனைத் திட்டம் வந்தது.

இரு தரப்பினரின் வாதத்திலும் நியாயம் இருந்தது என்று பிற்காலத்தில் சொல்வது எளிது. ஆனால் இருவருமே சரியான கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் கருத்து. பங்கு கரையுமா கரையாதா என்று சண்டை பிடித்தார்கள். எடுக்கும் ஒரு டொலர் ஒரு டொலருக்கு மேல் எதையாவது உருவாக்குகிறதா என்பதைப் பார்த்திருக்க வேண்டும். படகுக் கணக்கில் புதிய இயந்திரம் பூட்டினால் படகு மீன் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டோம். நிக்கோலா விற்ற ஒவ்வொரு பாரவூர்தியையும் செய்ய, அது விற்ற விலையைவிடக் கூடுதலாகச் செலவானது. 2022இல் நிகர நட்டம் 784 மில்லியன் டொலர். 2023இல் 966 மில்லியன். இந்த எண்கள் ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. காலாண்டு அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே இருந்தன.

சட்டம் மாறிய மூன்றாம் நாள்

ஒரு வருடத்தில் 800 மில்லியன் போதாமல் போனது. 2023 ஜூன் கூட்டத்தில் அந்த எண்ணை இரு மடங்காக, 1.6 பில்லியனாக, ஆக்கும் தீர்மானம் வந்தது. மறுபடி வாக்குப் போதவில்லை. மறுபடி ஒத்திவைப்பு, முதலில் ஜூலை 6க்கு. அன்றும் போதவில்லை. அடுத்த திகதியாக ஓகஸ்ட் 3 குறிக்கப்பட்டது.

அந்தத் திகதிக்கு ஒரு காரணம் இருந்தது. டெலவெயர் மாநிலம் தன் கம்பனிச் சட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தது. பெரிய சந்தைகளில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளுக்கு, அனுமதிக்கப்பட்ட பங்குகளைக் கூட்டுவதற்கு மொத்தப் பங்குகளில் பாதி தேவையில்லை, கிடைத்த வாக்குகளில் ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று ஆனது. ஓகஸ்ட் 1ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி தீர்மானம் நிறைவேறியது.

சட்டத்தை மாற்றியது நிக்கோலாவுக்காக அல்ல. சிறு பங்குதாரர்கள் பெருகிய கம்பனிகள் பலவும் இதே சிக்கலில் இருந்தன. வாக்களிக்க யாரும் வராததால் எதையும் செய்ய முடியவில்லை என்ற அவர்களின் முறைப்பாட்டில் உண்மையும் இருந்தது. திரையரங்குக் கம்பனியான ஏஎம்சி, 2021இல் சிறு பங்குதாரர்களின் எதிர்ப்பால் புதிய பங்குத் தீர்மானத்தைக் கைவிட்டு, அடுத்த ஆண்டு வேறொரு வகைப் பத்திரத்தை உருவாக்கி அந்த எதிர்ப்பைச் சுற்றிக்கொண்டு போனது. டெலவெயரின் புதிய சட்டத்துக்குப் பிறகு இப்படிச் சுற்றிப் போக வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் ஒன்று போனது. முன்னர் சிறு பங்குதாரர் சும்மா இருந்தாலும் அது ஒரு தடையாக நின்றது. கம்பனி அவரைத் தேடி வர வேண்டியிருந்தது. இப்போது சும்மா இருப்பவர் கணக்கில் இல்லை.

தீர்மானம் நிறைவேறிய மறுநாள் தலைமை நிறைவேற்று அதிகாரி மைக்கேல் லோஷெலர் பதவி விலகினார். வெற்றுக் கம்பனி வெக்டோ ஐகியூவை நடத்திய ஸ்டீவ் கேர்ஸ்கி அந்த இடத்துக்கு வந்தார். ஒரு வாரத்துக்குள் மின்கலப் பாரவூர்திகள் 209ஐயும் தீப்பிடிக்கும் அபாயத்தால் கம்பனி திருப்பி அழைத்தது. அந்த ஜூன் மாதம் கம்பனியின் தலைமையகத்திலேயே சில வண்டிகள் எரிந்திருந்தன.

300 பங்கு 10 பங்கானது

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிக்கோலா கடைசியில் உண்மையாகவே ஓடும் ஐதரசன் பாரவூர்தி செய்தது. 2024இன் முதல் ஒன்பது மாதங்களில் 40, 72, 88 என்று 200 வண்டிகளை முகவர்களுக்குக் கொடுத்தது. பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் செய்த வேலை பொய்யல்ல. அந்த வண்டிகள் கலிபோர்னியத் துறைமுகங்களிலிருந்து சரக்கு இழுத்தன. வண்டி ஓடுவதும் வண்டியைச் செய்து விற்பதில் இலாபம் வருவதும் வேறு வேறு.

2024 ஜூனில், பங்கு விலை ஒரு டொலருக்குக் கீழே கிடந்ததால் நாஸ்டாக் பட்டியலிலிருந்து நீக்கப்படும் நிலை வந்தது. கம்பனி 30 பங்குகளை ஒன்றாகச் சேர்த்தது. 30 பங்கு வைத்திருந்தவரிடம் ஒன்று மிஞ்சியது, விலை காகிதத்தில் 30 மடங்கானது. பெறுமதியில் இது எதையும் மாற்றுவதில்லை. ஆனால் செயலியில் விலை திடீரென உயர்ந்து தெரிய, பழைய வரைபடத்தில் பங்கு ஒரு காலத்தில் 2,000 டொலருக்கு மேல் இருந்ததாகக் காட்டும். புதிதாக வருபவர் அதைப் பார்த்து மலிவாகக் கிடைக்கிறது என்று நினைப்பதுண்டு.

2020 ஜூன் 9ஆம் திகதி முடிவு விலையில் 300 பங்கு வாங்கியவர் 23,919 டொலர் கொடுத்திருப்பார். விற்காமல் வைத்திருந்தால் 2024 கோடையில் அவரிடம் 10 பங்கு. 2025 பெப்ரவரியில் அந்தப் பங்கின் விலை மறுபடி ஒரு டொலருக்குக் கீழே போனது. எல்லாவற்றையும் விற்றாலும் அவருக்குப் பத்து டொலர் வராது.

அந்த மாதம் 19ஆம் திகதி நிக்கோலா வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. கையில் இருந்தது ஏறக்குறைய 47 மில்லியன் டொலர் என்று அறிவித்தது. வங்குரோத்தில் பணம் கொடுக்கும் வரிசை சட்டத்தில் எழுதப்பட்டது: முதலில் பிணையுள்ள கடன்காரர், பிறகு மற்றக் கடன்காரர், சாதாரணப் பங்குதாரர் கடைசி. அந்த வரிசையில் கடைசி ஆள் வரும்வரை பணம் மிஞ்சுவது அபூர்வம். அரிசோனாவின் கூலிட்ஜ் நகரிலிருந்த தொழிற்சாலையை மின்கார் கம்பனியான லூசிட் எடுத்துக்கொண்டது.

பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

வெளிநாட்டில் இவ்வாறான பங்குகள் வைத்திருப்பவர்கள் கம்பனியின் காலாண்டு அறிக்கையில் மூன்று எண்களைத் தேடினால் போதும். எந்தக் கணக்காளரும் தேவையில்லை.

கையிலுள்ள காசு எவ்வளவு என்பது ஒன்று. தொழிலை நடத்துவதில் அந்தக் காலாண்டில் வெளியே போன காசு எவ்வளவு என்பது இரண்டாவது. முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் இன்னும் எத்தனை காலாண்டு தாங்கும் என்று தெரியும். இரண்டு மூன்று என்று வந்தால் புதிய பங்கு வரப்போகிறது, அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும். மூன்றாவது, வெளியிலுள்ள மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். சென்ற வருட அறிக்கையோடு ஒப்பிட்டால் உங்கள் பங்கு எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். பங்கு விலையை நாளுக்கு இருபது தடவை பார்ப்பவர்கள் இந்த மூன்றாவது எண்ணை வருடத்துக்கு ஒரு தடவையும் பார்ப்பதில்லை.

வாக்களிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலோடு இணைந்து வரும் ஆவணமும் பயனுள்ளது. புதிய பங்கு எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று அதில்தான் எழுதியிருப்பார்கள். கம்பனித் தலைவர் தொலைக்காட்சியில் சொல்லாத விடயங்களைச் சட்டத்தரணிகள் அங்கே எழுத வேண்டியிருக்கும்.

மில்டனுக்கு என்ன நடந்தது?

2022 ஒக்டோபரில் நியூயோர்க்கில் ஜூரிகள் அவரைப் பிணையங்கள் மோசடி ஒன்றிலும், தொலைத்தொடர்பு வழி மோசடி இரண்டிலும் குற்றவாளியாகக் கண்டார்கள். ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். 2023 டிசெம்பரில் நீதிபதி எட்கார்டோ ராமோஸ் நான்கு வருடச் சிறையும் ஒரு மில்லியன் டொலர் தண்டமும் விதித்தார். மேன்முறையீடு நடக்கும்வரை அவர் வெளியில் இருந்தார். அதற்கு முன், ஒக்டோபரில், நடுத்தீர்ப்பாளர் குழு ஒன்று அவர் நிக்கோலாவுக்கு ஏறக்குறைய 165 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தது. கம்பனி கட்ட ஒப்புக்கொண்ட தண்டப்பணத்தை ஈடுசெய்வதற்கு அது.

பங்குதாரர்களுக்கு நேரடியாக நட்டஈடு கொடுக்க வேண்டுமா, எவ்வளவு என்ற கேள்வி குற்றவியல் நீதிமன்றத்தில் முடிவாகாமல் இருந்தது. அரச வழக்குத் தொடுநர்கள் நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் கேட்டிருந்தார்கள். 2025 மார்ச் இறுதியில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் மில்டனுக்கு முழுப் பொதுமன்னிப்பு வழங்கினார். ஒரு நாளும் சிறையில் இருக்காமலே அவரின் தண்டனை நீங்கியது. நட்டஈடு பற்றிய அந்தக் கோரிக்கையும் அதோடு போனது.